த்ரில்லர் நாவல் படமாகும்போது என்னதான் மாறுகிறது?

ஒரு த்ரில்லர் நாவல் படமாக வந்தால் அதைப் பற்றிச் சொல்ல நம்மிடம் இரண்டே வாக்கியம்தான் இருக்கிறது. ஒன்று, "புக் அளவுக்கு இல்லப்பா." இன்னொன்று, "அப்படியே எடுத்து வெச்சிருக்காங்க." முதலாவதைத் திட்டாகவும் இரண்டாவதைப் பாராட்டாகவும் சொல்கிறோம், ஆனால் இரண்டிலுமே விஷயம் ஒன்றும் இல்லை. அப்படியே எடுத்து வைத்ததாலேயே கொட்டாவி விடவைத்த படங்கள் உண்டு. தலைகீழாகப் புரட்டிப் போட்டு, நாவல் என்று ஒன்று இருந்ததையே மறக்கடித்த படங்களும் உண்டு.

காட்பாடியில் ரயில் ஏறி தினம் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் சீசன் டிக்கெட் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். ஏறும்போது பிரித்த பாக்கெட் நாவல் சென்ட்ரலில் இறங்குவதற்குள் முடிந்திருக்கும், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு படம் ஓடுவதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் (இப்போதெல்லாம் எல்லோரும் கையில் போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அது வேறு கதை). நேரம் ஒன்றாக இருந்தாலும் அந்த இரண்டு மணி நேரத்தில் மண்டைக்குள் நடப்பது வேறு வேறு. அது எப்படி வேறு என்பதைப் புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்காக எழுதுகிறேன். சில பழைய நாவல்களின், படங்களின் முடிச்சுகளைப் போகிற போக்கில் அவிழ்க்க வேண்டியிருக்கும், எனவே 'சைக்கோ', 'வெர்ட்டிகோ', 'ரெபெக்கா', 'ஜாஸ்', 'கான் கேர்ள்' இவற்றை இனிமேல்தான் தொடப்போகிறீர்கள் என்றால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

த்ரில்லருக்குக் கதை இரண்டாம் பட்சம் என்பது என் கட்சி. யார் யாரைக் கொன்றார்கள், எதற்காகக் கொன்றார்கள் என்பதை நான்கு வரியில் சொல்லிவிடலாம், அதைக் கேட்டு யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளாது. அடித்துக்கொள்ள வைப்பது, யாருக்கு என்ன தெரியும், அது எப்போது தெரியும் என்கிற கணக்கு. பாத்திரத்துக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு. நாவல் அந்தக் கணக்கைச் சொற்களால் நடத்துகிறது, படம் அதையே கண்ணுக்கும் காதுக்கும் நடத்தியாக வேண்டும். தழுவலில் நடக்கும் மாற்றங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்திலிருந்து முளைப்பவைதான்.

ஒரு உதாரணத்தை நானே எழுதிப் பார்க்கிறேன். காட்பாடி ஜங்ஷன், நள்ளிரவு தாண்டிய நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சேகர் நடைமேம்பாலத்தின் நடுவில் நின்றான். பின்னால் வந்துகொண்டிருந்த செருப்புச் சத்தமும் நின்றது. ஆம்பூரில் வாங்கிய பணம் தோள்பையில் கனத்தது. திரும்பிப் பார்க்கலாமா? பார்த்தால், தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிடும். கீழே பெங்களூர் மெயில் வருவதாக அறிவிப்பு ஓடியது. சேகர் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தான்."

பெரிய இலக்கியம் இல்லை, பாக்கெட் நாவல் தரம்தான். இதை அப்படியே படம் பிடியுங்கள் பார்ப்போம். ஒரு ஆள் பாலத்தில் நடக்கிறான், நிற்கிறான், குனிந்து லேஸ் கட்டுகிறான். அவ்வளவுதான் திரையில் இருக்கும். பையில் பணம் இருப்பது தெரியாது, அது ஆம்பூர்ப் பணம் என்பதும் தெரியாது. முக்கியமாக, "பார்த்தால் அவனுக்கும் தெரிந்துவிடும்" என்கிற அந்த ஒற்றை வரி, அந்தக் காட்சியின் உயிரே அதுதான், அது திரைக்கு வரவே வராது. லேஸ் ஏற்கெனவே அவிழாமல் இருந்தது என்பதைக் கூட ஒரு க்ளோசப் வைத்தால்தான் காட்ட முடியும்.

இயக்குநர் என்ன செய்வார்? சோம்பேறி இயக்குநர் வாய்ஸ் ஓவர் போடுவார், சேகர் தன் குரலிலேயே யோசிப்பான், நாம் நெளிவோம். கொஞ்சம் யோசிப்பவர், பாலத்தின் இறக்கத்தில் அடைத்துக் கிடக்கும் ஒரு டீக்கடையின் கண்ணாடி அலமாரியைக் கொண்டுவந்து வைப்பார். சேகர் திரும்பாமலேயே அந்தக் கண்ணாடியில் பின்னால் நிற்கிற நிழலைப் பார்க்கிறான், கை தானாகப் பையின் வாரை இறுக்குகிறது. நாவலில் அந்தக் கண்ணாடி இல்லை, டீக்கடையும் இல்லை. "புக்ல இல்லாததை எல்லாம் சேர்த்துட்டாங்க" என்று யாராவது பின்னால் முணுமுணுப்பார்கள். ஆனால் நாவலின் அந்த ஒரு வரியை மிச்சமில்லாமல் திரைக்குக் கொண்டுவந்தது அந்த இல்லாத கண்ணாடிதான்.

இதே காட்சியில் கணக்கை மூன்று விதமாகப் போடலாம். சேகருக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும் தெரியும் என்றால் கேமரா அவன் தோளை விட்டு நகரக் கூடாது. அவனோடு சேர்ந்து நாமும் சத்தத்துக்குக் காது கொடுப்போம், அது பயம். அவனைவிட நமக்கு அதிகம் தெரிய வேண்டும் என்றால், ஒரே ஒரு ஷாட், பின்னால் நிற்பவன் சட்டைக்குள்ளிருந்து கத்தியை எடுக்கிறான், சேகர் அறியாமல் லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறான். 'டேய் ஓடுடா' என்று நமக்குக் கத்தத் தோன்றும், சஸ்பென்ஸ் என்பது இதுதான். மூன்றாவது, நமக்கு அவனைவிடக் குறைவாகத் தெரிவது: லேஸ் கட்டுவதுபோல் குனிந்த சேகர் தன் ஷூவுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு நிமிர்கிறான், அப்போதுதான் தெரிகிறது பின்தொடர வைத்ததே அவன்தான் என்று. இதுதான் ட்விஸ்ட். ஒரு நாவலையும் அதன் படத்தையும் ஒப்பிட உட்கார்ந்தால், இந்த மூன்றில் நாவல் எதைப் பிடித்திருந்தது, படம் எதற்குத் தாவியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

நிஜ உதாரணத்துக்கு ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக்கை விட்டால் ஆள் இல்லை. 'வெர்ட்டிகோ' 1958-ல் வந்தது, மூலம் பொவாலோ, நார்செஜாக் என்ற இரட்டை எழுத்தாளர்கள் 1954-ல் வெளியிட்ட பிரெஞ்சு நாவல். செத்துப்போனவளைப் போலவே இருக்கும் இன்னொருத்தியை நாயகன் சந்திக்கிறான், இருவரும் ஒருத்தியேதான் என்பது முடிச்சு. நாவலில் அது கடைசியில்தான் அவிழ்கிறது. ஹிட்ச்காக் அதைத் தூக்கிப் படம் முடிவதற்கு வெகு முன்பே போட்டு உடைத்துவிட்டார், அதுவும் நமக்கு மட்டும், நாயகனுக்கு இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு காட்சியும், அவன் அவளுக்கு அதே உடை வாங்கித் தருவது, அதே மாதிரி முடியைக் கட்டச் சொல்வது, எல்லாமே 'இவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்' என்ற கத்தியின் மேல் நடக்கின்றன. நாவல் கடைசி அத்தியாயத்துக்காகச் சேமித்துவைத்ததைப் படம் முன்கூட்டியே செலவழித்துவிட்டு, அதற்குப் பதில் அரை மணி நேரப் படபடப்பை வாங்கிக்கொண்டது. ட்விஸ்டைக் கொடுத்து சஸ்பென்ஸ் வாங்கினார் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

'சைக்கோ' இன்னும் சுவாரசியம். ராபர்ட் பிளாக் நாவல் 1959, படம் 1960. நாவல் திறப்பதே நார்மன் பேட்ஸிடம்தான், அவன் படித்துக்கொண்டிருக்கிறான், அம்மா வந்து திட்டுகிறாள், பேச்சு வளர்கிறது. எழுத்தில் "அம்மா சொன்னாள்" என்று போட்டால் நாம் அம்மாவை நம்பிவிடுவோம், அவள் முகத்தை யாரும் கேட்க மாட்டோம். நாவலின் மொத்த மோசடியும் இந்தச் சின்ன நம்பிக்கையில் நிற்கிறது. படத்தில் அம்மாவை எதிரில் நிறுத்தி இப்படிப் பேசவைக்க முடியுமா? முடியாது. அதனால் வீட்டுக்குள்ளிருந்து வரும் குரல், ஜன்னலில் நகரும் உருவம், மாடிப்படியில் அம்மாவைத் தூக்கி வரும்போது உச்சந்தலைக்கு மேலிருந்து பார்க்கும் கேமரா என்று ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அதோடு கதையை நார்மனிடமிருந்து ஆரம்பிக்காமல் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடும் பெண்ணிடமிருந்து ஆரம்பித்தார்கள். அவள்தான் கதாநாயகி என்று நாம் நம்பி உட்கார்ந்த பிறகு குளியலறையில் அவளைக் கொன்றுவிட்டார்கள்.

அந்தக் குளியலறைக் கொலை நாவலில் ஒரு அத்தியாயத்தின் வாலில் சில வரிகளில் முடிந்துவிடும். படத்தில் அது ஒரு நிமிடத்துக்கும் குறைவு, ஆனால் அதை எடுக்க ஒரு வாரம் ஆனது. கத்தி உடம்பில் இறங்குவது போல் நமக்குத் தோன்றுவதெல்லாம் துண்டு துண்டான ஷாட்களை வெட்டி ஒட்டியதும் வயலின்களின் அலறலும் சேர்ந்து செய்யும் வேலை. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதிக் கொண்டுவந்து கேட்கவைத்த பிறகுதான் மனசு மாறினார். இன்னொரு மாற்றம், நாவலின் நார்மன் நாற்பது வயசு, குண்டு, கண்ணாடி, குடி. படத்தில் ஒல்லியாக, கூச்சத்தோடு, பார்த்தால் பாவமாக இருக்கும் ஆந்தனி பெர்கின்ஸ். கதாநாயகி செத்த பிறகு நாம் ஒட்டிக்கொள்ள யாராவது வேண்டுமே, அதற்காக. படம் ஓட ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்குக் கண்டிஷன் வேறு போட்டார்கள். டைட்டில் முடிந்து இரண்டாவது பாட்டுக்கு டார்ச் வெளிச்சத்தில் சீட் தேடி வரும் நம்ம ஊர் ரசிகர்கள் அங்கே இருந்திருந்தால் ரகளைதான்.

இப்போது நம் பாக்கெட் நாவல்களுக்கு வருவோம், ஏனென்றால் எழுத்து எதையெல்லாம் ஒளிக்க முடியும் என்பதற்கு அவற்றைப்போல் பாடம் கிடையாது. "அந்த உருவம் சுவர் ஏறிக் குதித்தது." இந்த 'அந்த உருவம்' இல்லாத க்ரைம் நாவல் உண்டா? ஆணா பெண்ணா, குட்டையா நெட்டையா, வயசு என்ன, எதுவும் சொல்லாமல் ஒரு கொலையை முழுசாக நடத்திவிடலாம். அதே மாதிரி "மறுமுனையில் ஒரு குரல்." இதைப் படமாக எடுப்பவரின் பாட்டைப் பாருங்கள். உருவத்துக்கு ரெயின்கோட் மாட்ட வேண்டும், தொப்பி போட வேண்டும், ஷூவை மட்டும் காட்ட வேண்டும். தொலைபேசிக் குரலை நாம் அடையாளம் கண்டுபிடித்துவிடுவோம், அதனால் ரிசீவரில் கைக்குட்டை, அல்லது குரல் மாற்றும் கருவி. படத்தில் கொலைகாரன் ஏன் எப்போதும் கையுறையும் ஹூடியும் போட்டுக்கொண்டு வேலூர் வெயிலில் அலைகிறான் என்று கேட்டால், காரணம் நாவலில் உள்ள ஒரே ஒரு சொல்தான்.

நாவலுக்கு இல்லாத இன்னொரு தலைவலி, நடிகர். நாவலில் ஐந்து பேர் மேல் சந்தேகம் என்றால் ஐந்து பேரும் நமக்குச் சமம். படத்தில் ஒரு பெரிய நடிகர் இரண்டே காட்சியில் டாக்டராக வந்து போனால், பக்கத்து சீட்டில் இருப்பவர் பாப்கார்ன் மென்றுகொண்டே சொல்லிவிடுவார், "இன்னாப்பா, இந்தாளுக்கு இம்மாத்தூண்டு ரோலா? அப்போ இவன்தான்." பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இதற்கு இயக்குநர்களிடம் இருக்கும் மருந்து, எல்லாப் பாத்திரத்துக்கும் தெரிந்த முகங்களைப் போடுவது, அல்லது எல்லாவற்றுக்கும் தெரியாத முகங்களைப் போடுவது. இரண்டுமே செலவுதான், ஒன்று தயாரிப்பாளருக்கு, இன்னொன்று வசூலுக்கு.

'நான்' என்று ஆரம்பிக்கும் நாவல்கள் இதைவிடச் சிக்கல். அகதா கிறிஸ்டியின் 1926 நாவல் ஒன்றில் கதை சொல்பவர் செய்யும் காரியத்தை (பெயரைச் சொன்னால் படிக்காதவர்களுக்குக் கெட்டுப்போகும்) படத்தில் அதே வலுவோடு செய்வது மிகக் கஷ்டம். பக்கத்தில் 'நான்' மறைத்தால் நமக்குப் புரிகிறது, கேமரா மறைத்தால் கோபம் வருகிறது. கண்ணால் பார்த்ததை நாம் உண்மை என்றே எடுத்துக்கொள்கிறோம், அது நம் பிறவிக் கோளாறு. ஹிட்ச்காக்கே 1950-ல் ஒரு நாவலை 'ஸ்டேஜ் ஃப்ரைட்' என்ற பெயரில் படமாக்கும்போது ஃபிளாஷ்பேக்கில் ஒரு பொய்யைக் காட்டிவிட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். அறுபது சொச்சம் வருஷம் கழித்து 'கான் கேர்ள்' வந்தது. ஜில்லியன் ஃப்ளின் 2012-ல் எழுதியது, 2014-ல் டேவிட் ஃபின்ச்சர் படம், திரைக்கதையும் ஃப்ளின்னே. நாவலில் கணவன் ஒரு அத்தியாயம் சொல்கிறான், காணாமல் போன மனைவியின் டைரி ஒரு அத்தியாயம் சொல்கிறது, பாதியில்தான் டைரி புளுகு என்று தெரிகிறது. படத்திலும் அந்த டைரியைக் காட்சிகளாகக் காட்டுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் எழுதுவதையும் அவள் குரலையும் கூடவே ஒட்டிவிடுகிறார்கள். அதனால் பொய் கேமராவின் தலையில் விழாமல் அவள் தலையில் விழுகிறது. இந்த ஒரு ஏற்பாட்டால் படம் தப்பித்தது.

முடிவை மாற்றுவதைப் பற்றித்தான் சண்டை அதிகம், ஆனால் அதன் காரணங்கள் பெரும்பாலும் கதைக்கு வெளியே இருக்கும். டாஃப்னி டு மாரியேயின் 'ரெபெக்கா' நாவலில் கணவன் முதல் மனைவியைச் சுட்டுக் கொல்கிறான், தண்டனையும் இல்லை. 1940-ல் ஹாலிவுட்டில் இருந்த தணிக்கை விதிப்படி கொலைகாரன் தண்டனை இல்லாமல் போகக் கூடாது. கதாநாயகனைத் தூக்கில் போடவும் முடியாது. அதனால் படத்தில் அவள் தடுக்கி விழுந்து செத்தாள். 'ஜாஸ்' நாவலில் (1974) சுறா காயங்களால் களைத்துச் செத்துப்போகிறது, ஹூப்பர் என்ற ஆராய்ச்சியாளர் சாகிறார், நடுவில் அவருக்கும் போலீஸ் தலைவரின் மனைவிக்கும் கள்ளத் தொடர்பு, மாஃபியா, என்னென்னவோ. ஸ்பீல்பெர்க் 1975-ல் அதையெல்லாம் கடலில் வீசிவிட்டு மூன்று ஆண்கள், ஒரு படகு, ஒரு சுறா என்று சுருக்கினார். ஹூப்பர் பிழைத்தார், சுறா வெடித்துச் சிதறியது. இருட்டில் நானூறு பேர் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது வில்லன் களைத்துச் செத்தால் விசில் வருமா? தவிர அந்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்ததால் சுறாவைக் காட்டாமலேயே பயமுறுத்த வேண்டிய கட்டாயம். இசையை வைத்தும் தண்ணீருக்குள் இருந்து பார்க்கும் கேமராவை வைத்தும் ஒப்பேற்றினார்கள், அதுவே படத்தின் பெரிய பலமாகிவிட்டது. என்னைக் கேட்டால், நாவலைவிடப் படம் ஒரு படி மேல் என்று தயங்காமல் சொல்லக்கூடியது இது.

அகதா கிறிஸ்டியோ தன் முடிவைத் தானே மாற்றியவர். 1939-ல் வந்த தீவுக் கதையில் பத்துப் பேரும் செத்துவிடுகிறார்கள். 1943-ல் அதை நாடகமாக்கியபோது இரண்டு பேரைப் பிழைக்கவைத்தார், 1945 ஹாலிவுட் படம் அந்த நாடக முடிவையே எடுத்துக்கொண்டது. தமிழில் வீணை எஸ். பாலசந்தர் 1970-ல் கொண்டுவந்த 'நடு இரவில்' அதே கருவிலிருந்து பிறந்ததுதான், இன்றைக்குப் பார்த்தாலும் அந்த மாளிகைக்குள் ஒரு கிலி இருக்கிறது.

தமிழுக்கு வந்தால் இன்னும் இரண்டு விஷயம் கூடுதல்: 'தொடரும்', அப்புறம் இடைவேளை. நம் த்ரில்லர்கள் பெரும்பாலும் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை. வாரா வாரம் கதவு திறக்க வேண்டும், கை நீள வேண்டும், 'தொடரும்' போட வேண்டும். படத்துக்கு அப்படி இருபத்தைந்து கொக்கி தேவையில்லை, ஒரே ஒரு பெரிய கொக்கி, இடைவேளைக்கு முன்னால். ஆகவே தொடரின் நடுவில் எங்கோ கிடந்த ஒரு திருப்பத்தைப் பிடுங்கி இடைவேளையில் நட வேண்டும், அதற்கு முன்பின் உள்ளதெல்லாம் இடம் மாற வேண்டும். வேற்றுமொழி நாவலைத் தமிழில் எடுத்தாலும் இந்த வேலை தப்பாது.

சுஜாதாவின் கதைகளுக்கு நேர்ந்தவை தனி அத்தியாயம். 'காயத்ரி' 1977-ல் படமானது, ரஜினி அதில் கொடுமைக்காரக் கணவன். அடுத்த வருஷமே 'பிரியா', அதே ரஜினி இப்போது வக்கீல் கணேஷ். நாவலில் லண்டனில் நடப்பது படத்தில் சிங்கப்பூர் பக்கம் போய்விட்டது, கூடவே இளையராஜாவின் பாட்டுகள். புத்தகத்துக் கணேஷ் மூளையால் அடிக்கிற ஆள், நிதானமாகக் கேள்வி கேட்பார். ஸ்டார் வந்து உட்கார்ந்ததும் கணேஷ் கையாலும் அடிக்க வேண்டியதாயிற்று. பாட்டு கேட்க இன்றைக்கும் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் கணேஷைத் தேடாதீர்கள். ஒரு பாட்டு நான்கைந்து நிமிடம், அந்த நேரத்துக்கு யாருக்கு என்ன தெரியும் என்ற கணக்கு அப்படியே உறைந்து நிற்கும். மெல்லிய ஊசி மாதிரி இறங்க வேண்டிய ஒரு கதை அதைத் தாங்காது.

அதைவிடப் பழைய கதையும் உண்டு. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் 'திகம்பர சாமியார்' 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தது, எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுத் துப்பறிவார். நாவலில் மாறுவேடம் என்பது ஒரு வரி, யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினால் நாம் நம்பியாக வேண்டும். திரையில் தாடியை ஒட்டினாலும் அது நம்பியார்தான், நமக்குத் தெரிகிறது, எதிரில் இருப்பவனுக்குத் தெரியவில்லை. மர்மம் போய் வேடிக்கை வந்துவிடுகிறது, ஜனங்கள் அதை ரசிக்கவும் செய்தார்கள். ராஜேஷ்குமார் நாவல்களில் இரண்டு டிராக் ஓடும், ஒரு அத்தியாயம் இங்கே, அடுத்தது எங்கோ, கடைசியில் இரண்டும் முட்டும். வெட்டி வெட்டிக் காட்டும் சினிமாவுக்கு இது கைக்கு எட்டின பழம் மாதிரி இருக்க வேண்டும், ஆனால் அவர் எழுதிக் குவித்த நூற்றுக்கணக்கான நாவல்களில் படமானவை சொற்பமே. 2017-ல் அறிவழகன் இயக்கிய 'குற்றம் 23' அவற்றில் ஒன்று.

நீளமும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. நானூறு பக்க நாவலைக் குறைக்க வேண்டும், நாற்பது பக்கக் கதையை வளர்க்க வேண்டும். 'ரியர் விண்டோ'வின் மூலம் கார்னெல் வூல்ரிச் எழுதிய சிறுகதை, அதில் காதலியே கிடையாது, கிரேஸ் கெல்லி முழுக்க முழுக்கப் படத்தின் சரக்கு. பூமணியின் 'வெக்கை' கொலை செய்த பையனும் அப்பனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் சில நாட்களின் கதை, வேகமாகப் படித்தால் ஒரே மூச்சு. 'அசுரன்' 2019-ல் அப்பனின் இளமைக் காலத்தைப் பெரிய ஃபிளாஷ்பேக்காக வளர்த்துச் சேர்த்தது, அதனால் பையனின் கதை அப்பனின் கதை ஆனது. தனுஷ் நடிப்பது அப்பனாக என்றால் வேறு எப்படி ஆகும்?

சரி, எதை முதலில், படிப்பதா பார்ப்பதா? யார் கொலைகாரன் என்பதில் மட்டும் உயிர் இருக்கும் கதை என்றால் நாவலை முதலில் படித்துவிடுங்கள். நிறுத்தி, முன்பக்கம் புரட்டி, அந்த வேலைக்காரன் அன்றைக்கு எங்கே இருந்தான் என்று சரிபார்க்கும் சுகம் தியேட்டரில் கிடைக்காது. சஸ்பென்ஸ் கதை என்றால் எதை முதலில் எடுத்தாலும் நஷ்டமில்லை. 'தி டே ஆஃப் த ஜக்கால்' அதற்குச் சாட்சி. பிரெடரிக் ஃபோர்சைத் 1971-ல் எழுதியது, பிரெஞ்சு ஜனாதிபதி டிகாலைக் கொல்ல 1963-ல் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவனைப் பற்றி. டிகால் கொல்லப்படவில்லை, 1970-ல் வீட்டில்தான் இறந்தார் என்பது ஊருக்கே தெரியும், முடிவு தெரிந்த கதையை எழுதிவிட்டு ஆயிரக்கணக்கான பேரைத் தூங்கவிடாமல் செய்தார் மனுஷன். நாவல் ஒரு மார்ச் மாத விடியற்காலையில் மரண தண்டனை நிறைவேற்றுவதில் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் டிகாலின் காரைச் சுட்ட முயற்சி அப்புறம் விளக்கமாக வருகிறது. 1973 படம் நேராக அந்தத் துப்பாக்கிச் சூட்டிலிருந்தே தொடங்குகிறது. பாஸ்போர்ட் எப்படித் தயாரானது, துப்பாக்கி எப்படிப் பிரித்து மாட்டப்படுகிறது என்று நாவல் பக்கம் பக்கமாகச் சொல்வதைப் படத்தில் எட்வர்ட் ஃபாக்ஸ் பேசாமல் செய்து காட்டுவார். காட்டில் ஒரு பழத்தைத் தொங்கவிட்டுக் குறி பார்க்கும் காட்சி ஒன்று போதும், முதல் சில குண்டுகளில் அளவைச் சரிசெய்துகொண்டு கடைசியில் வெடிக்கும் குண்டைப் போடுவான், பழம் இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. நாவலில் டிகாலின் தலை என்ன ஆகும் என்று விளக்கத் தேவைப்படும் பத்தியைப் படம் ஒரு சத்தத்தில் முடித்துவிடுகிறது.

முதன்முதலாக ஒரு ஜோடியை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு இவ்வளவு தூரம் பாரிஸ் போக வேண்டாம் என்பேன். கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' கைக்கு அடக்கமான புத்தகம். குண்டூர் போலீஸ் ஸ்டேஷனில் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கப்பட்ட சொந்த அனுபவம். வெற்றிமாறன் அதிலிருந்து எடுத்த 'விசாரணை' 2016-ல் திரைக்கு வந்தது. த்ரில்லர் என்ற சீட்டு இரண்டின் மேலும் ஒட்டியிருக்காது, ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வேலூர் மாதிரி பெரிய மத்திய சிறை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு, தொரப்பாடிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்த மதில் சும்மா கடந்து போகாது. படிக்கும்போது அந்த 'நான்' வாங்கும் அடி எந்த நேரம் வரும் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. படம் அந்தக் கணக்கை முதல் பாதி முழுக்கக் காப்பாற்றுகிறது, குண்டூரை விட்டு அவர்கள் வெளியே வரும் இடம்வரை. அதற்குப் பிறகு வரும் இரண்டாம் பாதி புத்தகத்தில் இல்லை. அங்கே போலீஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் என்ன மறைக்கிறார்கள் என்பது நமக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கிறது, ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பையன்களுக்கு மட்டும் தெரியவில்லை. புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டு, படத்தை அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மீதியைப் பாருங்கள்.